முரண்டு பிடித்த எந்திரம்: ருடால்ப் டீசலின் கதை

ரோட்டில் லாரி போகிறது. கடலில் கப்பல் போகிறது. வயலில் டிராக்டர் உழுகிறது. எல்லாவற்றுக்கும் டீசல் வேண்டும்.

டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர்! அவர் செய்த எந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. எந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மனிதர் பணக்காரர் ஆனார். மாளிகை கட்டினார். ஒருநாள் இரவு கப்பலில் ஏறினார். காலையில் அவரைக் காணவில்லை!

தள்ளுவண்டிச் சிறுவன்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். ஊர்தான் பாரிஸ். தாயும் தந்தையும் ஜெர்மன்காரர்கள். தந்தை தியோடருக்குச் சொந்த ஊர் ஆக்ஸ்பர்க். தாய் எலிசுக்கு நியூரம்பர்க். தியோடர் புத்தகங்களுக்கு அட்டை கட்டுபவர். தோல் சாமான்களும் செய்வார். வருமானம் அதிகம் இல்லை.

செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது ருடால்பின் வேலை. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரமாட்டான். பாரிசில் எந்திரங்களை வைத்திருக்கும் காட்சிசாலை ஒன்று உண்டு. அங்கே போய்விடுவான். குனியோ என்பவர் 1770-ம் ஆண்டு வாக்கில் செய்த நீராவி வண்டி அங்கே நின்றது. குதிரை இல்லாமல் ஓடுவதற்காகச் செய்த வண்டி! அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது.

தந்தை கண்டிப்பானவர். ஒரு தடவை வீட்டுக் கடிகாரத்தை ருடால்ப் பிரித்துப் போட்டுவிட்டான். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதற்காக அவனைக் கட்டிப்போட்டுத் தண்டித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் சண்டை மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மன்காரர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கே பிழைப்புக்கு வழி இல்லை. ருடால்புக்கு வயது 12. தந்தையின் ஊரான ஆக்ஸ்பர்குக்கு அவனை அனுப்பிவிட்டார்கள். பார்னிக்கல் என்ற உறவினர் வீட்டில் தங்கினான். அவர் கணக்கு ஆசிரியர்.

இது ருடால்புக்கு நல்லதாகவே முடிந்தது. கணக்கு நன்றாக வந்தது. தான் என்ஜினீயர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதியபோது அவனுக்கு வயது 14. படித்தது போதும், வேலைக்குப் போகலாம் என்பது பெற்றோரின் எண்ணம். ஆனால் அவன் முதல் மாணவனாகத் தேறினான். உதவிச் சம்பளம் கிடைத்தது. அதைக்கொண்டு 1875-ல் மியூனிச் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தான்.

பேராசிரியர் சொன்ன கணக்கு

அந்தக் கல்லூரியில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் இருந்தார். குளிர்பதன எந்திரத்துக்காகப் புகழ்பெற்றவர் அவர்தான். ஒருநாள் வகுப்பில் நீராவி எந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். 100 பங்கு நிலக்கரியை எரித்தால், அதில் 10 பங்குகூட வேலைக்கு ஆவதில்லை, மீதி 90 பங்கும் சூடாக வீணாய்ப் போகிறது என்று விளக்கினார்.

மற்ற மாணவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ருடால்ப் டீசலுக்கு அது நெஞ்சில் தைத்தது. இந்த வீண் செலவைத் தடுக்க முடியுமா என்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பைப் பிறகு அவர் மறக்கவே இல்லை.

1879-ல் பரீட்சை சமயத்தில் விஷக் காய்ச்சல் கண்டது. பரீட்சை எழுத முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனியின் பட்டறையில் கைவேலை பழகினார். 1880 ஜனவரியில் திரும்பி வந்து பரீட்சை எழுதினார். மிக உயர்ந்த மார்க்கு!

லிண்டே அவரைப் பாரிசுக்கு அனுப்பினார். ஐஸ் செய்யும் தொழிற்சாலை வேலை. ஓராண்டில் அதற்கு நிர்வாகி ஆகிவிட்டார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண், ஒரு பெண் என மூன்று குழந்தைகள் பிறந்தன. 1890-ல் குடும்பத்தோடு பெர்லினுக்குப் போனார்.

பகலில் ஐஸ் வேலை. இரவில் எந்திர வேலை. பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

தீக்குச்சி இல்லாமல் தீ

டீசலின் யோசனை என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டுப் பம்பைத் தொட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கிறது. இன்னும் நெருக்கினால்? இன்னும் சூடு. நன்றாக நெருக்கினால், அந்தக் காற்றில் எண்ணெயைத் தூவியதும் தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம். மின்சாரப் பொறியும் வேண்டாம். பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எந்திரத்தில் அது கிடையாது.

காற்றை எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்குகிறோமோ, அவ்வளவுக்கு எண்ணெய் மிச்சம் என்பது டீசல் போட்ட கணக்கு. முதலில் அவர் எழுதிவைத்த அழுத்தம் 250 மடங்கு! நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல 250 மடங்கு. அந்தக் காலத்து இரும்பில் அதைத் தாங்கும் எந்திரம் செய்ய முடியாது. பிறகு அவரே குறைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் 30, 40 மடங்கில் வந்து நின்றது.

1893-ல் காப்புரிமை கிடைத்தது. ஒரு புத்தகமும் வெளியிட்டார். படித்தவர்களில் பலர் நடக்காத காரியம் என்றார்கள். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் பூஸ் என்பவர் மட்டும் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். பீரங்கி செய்யும் குருப் கம்பெனியும் சேர்ந்துகொண்டது. டீசலுக்கு வருஷத்துக்கு 30 ஆயிரம் மார்க் சம்பளம். அன்று அது பெரிய தொகை. ஐஸ் வேலையை விட்டுவிட்டார்.

தந்தையின் ஊருக்கே, தந்தை நினைத்தும் பார்க்காத வேலைக்கு, திரும்பி வந்தார்.

வெடித்தது!

முதல் எந்திரம் நிமிர்ந்து நின்றது. ஆள் உயரத்தைவிட அதிக உயரம். ஒரே ஒரு சிலிண்டர்.

1893 ஆகஸ்டு 10-ந் தேதி. தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு எந்திரத்தோடு பெல்ட் மாட்டி இதைச் சுற்றவிட்டார்கள். எண்ணெயை உள்ளே விட்டார்கள். படீர் என்று வெடித்தது! அழுத்தத்தைக் காட்டும் கருவி சிதறிப் பறந்தது. துண்டுகள் பக்கத்தில் நின்றவர்களை உரசிக்கொண்டு போயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

எந்திரம் ஓடவில்லை. ஆனால் டீசலுக்கு ஒரு விதத்தில் சந்தோஷம். நெருக்கிய காற்றில் எண்ணெய் தானே பற்றுகிறது என்பது நிரூபணம் ஆகிவிட்டது அல்லவா? அதைத்தானே யாரும் நம்பவில்லை!

பிறகு பிரித்தார்கள். பார்த்தார்கள். காற்று நெருங்காமல் பிஸ்டன் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆயிற்று.

1894 பிப்ரவரி 17-ந் தேதி. வழக்கம்போல் பெல்ட் மாட்டிச் சுற்றவிட்டார்கள். அருகில் நின்ற தொழிலாளி ஒருவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெல்ட்டின் இழுப்பு மாறியது. பெல்ட் எந்திரத்தை இழுக்கவில்லை. எந்திரம் பெல்ட்டை இழுத்தது! அந்தத் தொழிலாளி ஒன்றும் பேசாமல் தலையில் இருந்த குல்லாயைக் கழற்றினார். அதைப் பார்த்த பிறகுதான் டீசலுக்கே விஷயம் புரிந்ததாம்.

எந்திரம் தன் சொந்தச் சக்தியில் ஓடியது ஒரே ஒரு நிமிஷம். 88 சுற்று. பிறகு நின்றுவிட்டது.

மெக்கானிக் கேட்கும் மூன்று கேள்விகள்

ஒரு நிமிஷம் ஓடிய எந்திரத்தை நாள் முழுவதும் ஓடவைக்க இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. டீசலின் வாழ்க்கையில் நன்றாகக் கவனிக்கவேண்டிய காலம் இதுதான். அவருடைய கணக்கைவிட இந்தப் பட்டறைக் காலமே நமக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

எந்திரம் நிற்கும்போதெல்லாம் மூன்று இடங்களில்தான் தேடினார்கள். காற்று சரியாக நெருங்குகிறதா? எண்ணெய் சரியாகத் தூவுகிறதா? தூவ வேண்டிய நேரத்தில் தூவுகிறதா?

இன்றும் லாரி நின்றுபோனால் மெக்கானிக் தேடுவது இந்த மூன்றையும்தான். இந்தக் காலத்து லாரியில் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறைப் படிக்கிறார்கள். ஆனாலும் பழகிய கை முதலில் புகையைத்தான் பார்க்கும். கரும்புகை வந்தால் எண்ணெய் முழுதும் எரியவில்லை என்று பொருள். காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் உள்ளே ஏறி எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளைப்புகை வந்தால் எண்ணெய் பற்றாமலே வெளியே வருகிறது, அல்லது தண்ணீர் கலக்கிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் பயம் இல்லை. சூடேறிய பிறகும் வந்தால் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டால் புகையே வராது. என்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. காற்றை வெளியேற்றினால் போதும். இது தெரியாமல் என்ஜினைப் பிரித்துப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

டீசலுக்கு இதைச் சொல்லித் தர ஆள் இல்லை. எல்லாவற்றையும் அவரே முதலில் பட்டுத் தெரிந்துகொண்டார்.

அவரை அதிகம் வாட்டியது எண்ணெய் தூவும் வேலை. உள்ளே காற்று நெருங்கி நிற்கிறது. அதை எதிர்த்து எண்ணெயைத் தள்ள வேண்டும். சொட்டாக விழக்கூடாது. பனிபோல் பரவ வேண்டும். அன்று இருந்த பம்புகளால் அது முடியவில்லை. ஆகவே இன்னும் அதிகமாக நெருக்கிய காற்றைத் தனியே தயார்செய்து, அதன் வேகத்தில் எண்ணெயை ஊதி உள்ளே அனுப்பினார். வழி கிடைத்தது. ஆனால் காற்று நெருக்குவதற்கு எந்திரத்தோடு இன்னொரு எந்திரம் சேர்ந்துகொண்டது. எடை கூடிவிட்டது. இதன் பலனைப் பின்னால் அனுபவித்தார்.

ஒவ்வொரு சோதனையையும் தேதிபோட்டு எழுதிவைத்தார். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதிவைத்தார். பழைய எந்திரத்தை மாற்றிக் கட்டினார்கள். பிறகு புதிதாக இன்னொன்று செய்தார்கள். லவுஸ்டர் என்ற இளம் என்ஜினீயர் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர். புதிய எந்திரத்தின் வரைபடம் அவர் கையால் ஆனது.

1897 பிப்ரவரி 17-ந் தேதி. தொழிலாளி குல்லாயைக் கழற்றி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. மியூனிச் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து எந்திரத்தைச் சோதித்தார். மண்ணெண்ணெயில் ஓடியது. சுமார் 18 குதிரை சக்தி. ஒரு குதிரை சக்தியை ஒரு மணி நேரம் கொடுக்க 238 கிராம் எண்ணெய்தான் செலவு. எண்ணெயின் சூட்டில் 100-க்கு 26 பங்கு வேலையாக மாறியது. நீராவி எந்திரத்துக்கு 10 பங்குகூட இல்லை என்று வகுப்பில் கேட்டாரே, அந்த மாணவர்தான் இப்போது 26 பங்கை எடுத்துக் காட்டினார்!

அந்த எந்திரம் இன்றும் மியூனிச் காட்சிசாலையில் இருக்கிறது.

பணம் கொட்டியது

அதற்குப் பிறகு என்ன! உலகம் முழுவதும் ஆக்ஸ்பர்குக்கு ஓடி வந்தது. அமெரிக்காவில் பீர் தொழிற்சாலை வைத்திருந்த அடால்பஸ் புஷ் உரிமைக்கு 10 லட்சம் மார்க் கொடுத்தார். ரஷியாவில் எண்ணெய்க் கிணறுகள் வைத்திருந்த இமானுவேல் நோபல் 8 லட்சம் மார்க் கொடுத்தார். நோபல் பரிசு ஏற்படுத்தியவரின் அண்ணன் மகன்தான் இவர். 1898-ல் ஒரு கம்பெனி அமைத்து, உரிமைகளை எல்லாம் 35 லட்சம் மார்க்குக்கு டீசல் விற்றார். அதில் பெரும்பகுதி ரொக்கம் அல்ல, பங்குப் பத்திரங்கள். மியூனிச்சில் அரண்மனைபோல் வீடு கட்டினார்.

ஆனால் விற்ற எந்திரங்கள் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் முன்னால் ஒழுங்காக ஓடியது, வாங்கியவர் கையில் முரண்டு பிடித்தது. முதல் எந்திரம் கெம்ப்டன் ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனது. 60 குதிரை சக்தி. அதைச் சரியாக ஓடவைக்க ஆட்கள் அடிக்கடி ஓடவேண்டி வந்தது. மற்ற இடங்களிலும் புகார். டீசலே ஆக்ஸ்பர்கில் தொடங்கிய தனித் தொழிற்சாலை நஷ்டப்பட்டது. உரிமை வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். தலைவலி அவரை வாட்டியது. 1898 இறுதியில் நரம்புத் தளர்ச்சிக்காக மருத்துவ விடுதியில் சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில் எந்திரத்தைக் காப்பாற்றியவர்கள் பூசும் லவுஸ்டரும். ஒவ்வொரு கோளாறாகப் பொறுமையாகத் தீர்த்தார்கள். டீசல் புதுமை காண்பதில் சூரர். விற்ற சரக்கைக் கட்டிக் காப்பதில் அவ்வளவு பொறுமை இல்லை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது.

1900-ல் பாரிசில் பெரிய பொருட்காட்சி. டீசல் எந்திரத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அங்கே வைத்த சிறிய எந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது! தாளிக்கும் எண்ணெயில் எந்திரம் ஓடுகிறது என்பது பார்த்தவர்கள் பலருக்கே தெரியவில்லை. மண்ணெண்ணெய்க்கு ஓடிய எந்திரம், எந்த மாறுதலும் இல்லாமல் ஓடியது.

1903-ல் ரஷியாவில் நோபல் கம்பெனியின் கப்பல் டீசல் எந்திரத்தில் ஓடியது. 1912-ல் சிலாந்தியா என்ற பெரிய கப்பல் டென்மார்க்கில் இருந்து பாங்காக் வரை போனது. புகைபோக்கி இல்லாத கப்பல் என்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

தரையில் மட்டும் வெற்றி இல்லை. லாரிக்குச் சின்ன எந்திரம் செய்யவேண்டும் என்பது டீசலின் ஆசை. 1908-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பெனியோடு சேர்ந்து செய்தும் பார்த்தார். காற்று ஊதும் கருவியின் எடைதான் குறுக்கே நின்றது. கப்பல் சுமக்கும். லாரி எப்படிச் சுமக்கும்?

கணக்கில் ஓட்டை

எந்திரத்தில் காற்றுக் கசிந்தால் எங்கே என்று கண்டுபிடிப்பார். பணம் கசிவது அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் வயல்களில் பணம் போட்டார். போயிற்று. நிலம் வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். வழக்கு வந்தது. காப்புரிமைக் காலமும் முடிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாளிகை வாழ்க்கை அப்படியே நடந்தது.

1912-ல் அமெரிக்கா போனார். எடிசனைச் சந்தித்தார். போன இடமெல்லாம் மாலை மரியாதை. அதே ஆண்டு நவம்பரில் பெர்லினில் தன் எந்திரம் பிறந்த கதையைச் சொல்லிப் பேசினார். அங்கே சில பேராசிரியர்கள் எழுந்து, எந்திரத்தை உண்மையில் உருவாக்கியது ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைதான் என்று அவரை மட்டம் தட்டினார்கள். அது அவர் மனத்தைப் புண்படுத்தியது.

கடைசிப் பயணம்

1913 செப்டம்பரில் லண்டனில் கம்பெனிக் கூட்டம் இருந்தது. புறப்படும்முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத்தான் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

29-ந் தேதி மாலை பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். உடன் இரண்டு நண்பர்கள். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மேல்தளத்தில் உலாவினார்கள். கலகலப்பாகவே இருந்தார். இரவு 10 மணிக்குத் தன் அறைக்குப் போனார். காலை 6¼ மணிக்கு எழுப்பச் சொன்னார்.

காலையில் அறை காலியாக இருந்தது. படுக்கை கலையவில்லை. இரவு உடை மடித்து வைத்தபடி இருந்தது. படுக்கையில் இருந்து மணி பார்க்க வசதியாகக் கடிகாரம் வைத்திருந்தது. அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் கப்பலின் பின்புறக் கம்பி அருகே கிடந்தன. அவருடைய நாட்குறிப்பில் 29-ந் தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தது.

சுமார் பத்து நாள் கழித்து ஹாலந்துப் படகு ஒன்று கடலில் ஒரு பிரேதத்தைக் கண்டது. அழுகிய நிலை. மாலுமிகள் சட்டைப்பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரேதத்தைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மாத்திரை டப்பி, பேனாக்கத்தி, மூக்குக்கண்ணாடிக் கூடு. இளைய மகன் ஆய்கன் வந்து பார்த்தார். தந்தையுடையவை என்று அடையாளம் சொன்னார்.

மார்த்தா பையைத் திறந்தார். உள்ளே பணநோட்டுகள். பாங்கிக் கணக்குகளைப் பார்த்தார்கள். அவை காலியாகக் கிடந்தன. மேலே மேலே கடன்!

எண்ணெய் முதலாளிகள் ஆள்வைத்துக் கொன்றார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நீர்மூழ்கிக் கப்பல் ரகசியத்தை இங்கிலாந்துக்குக் கொடுக்கப்போனார், ஜெர்மன் ஒற்றர்கள் தீர்த்துவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. மகன் ஆய்கன் பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை எழுதினார். அவர் தானே உயிரை முடித்துக்கொண்டார் என்பதே மகனின் முடிவு.

டீசல் இறந்து பத்து ஆண்டு கழித்து, காற்று ஊதும் கருவி இல்லாமலே எண்ணெயைத் தூவும் வழியை என்ஜினீயர்கள் பக்குவப்படுத்தினார்கள். எடை குறைந்தது. 1923, 1924-ம் ஆண்டுகளில் பென்ஸ் கம்பெனியும், பூஸ் நடத்திய அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையும் டீசல் லாரிகளை உருட்டிவிட்டன. ஆக்ஸ்பர்க் லாரி 1924-ல் சோதனை ஓட்டம் போனது. டீசலின் தந்தை ஊரான ஆக்ஸ்பர்கில் புறப்பட்டு, தாய் ஊரான நியூரம்பர்கில் போய் நின்றது. சுமார் 140 கிலோமீட்டர். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று.